கால் மார்க் கூட்டாளிகள்

ஜூன் பிறந்ததும் சேலம் புது பஸ் ஸ்டாண்டில், நாமக்கல் பஸ் நிற்கிற பக்கமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். யார் ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போகிறவர்கள் என்று விசாரிக்கவே வேண்டாம். ஒரு கையில் பக்கெட், பக்கெட்டுக்குள் மக், மக்குக்குள் சோப்பு டப்பா, இன்னொரு கையில் சுருட்டிய போர்வை! பின்னால் சூட்கேஸைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா. அதற்கும் பின்னால், முறுக்கு டின்னை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்காமல் இடுப்பில் அணைத்தபடி அம்மா. நடுவில் பையன். உதட்டுக்கு மேலே மீசை எட்டிப் பார்க்கும். கண்ணுக்குள்ளே மூணாம் கிளாஸ் பையன் முட்டிக்கொண்டு நிற்பான்.

ஸ்கூல் திறக்கிற தேதி வருஷத்துக்கு வருஷம் வெயிலைப் பொறுத்துத் தள்ளிப் போகும். 2023-ல் பெரிய கிளாஸ்களுக்கு ஜூன் 12, 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. தேதி மாறுகிறதே தவிர, ஊர் மாறுவதில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடி, கடலூர், நாகப்பட்டினம் என்று மூலைக்கு மூலையிலிருந்து பையன்கள் வந்து இறங்குவது நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம்தான். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷம். ஃபீஸ், மெஸ், சீட் பற்றியெல்லாம் அப்பாக்கள் அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிநேகிதர்கள் எல்லோரையும் ஊரிலேயே விட்டுவிட்டு, ஒரே நாளில் ஒருத்தரையும் தெரியாத இடத்தில் போய் நிற்கிறானே... இந்தப் பையனுக்கு யார் சிநேகிதன்?

'படிக்கத்தானே போறான், சிநேகிதம் பிடிக்கவா போறான்?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை!

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதற்கு முன் சேலம் ஜில்லா. மழையை நம்பிப் பிழைக்க முடியாத பூமி. அதனால் ஜனங்கள் சக்கரத்தை நம்பினார்கள், கோழியை நம்பினார்கள். லாரி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, முட்டைப் பண்ணை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தொழில்களில் பலவும் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டுத் தொடங்கியவை. ஒருத்தரிடம் நிலம், ஒருத்தரிடம் பணம், ஒருத்தரிடம் உழைப்பு, இன்னொருத்தருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழக்கம்! இதே ஃபார்முலாவில்தான் ஹாஸ்டல் ஸ்கூல்களும் பல வந்தன. வாத்தியார்கள் சிலரும் பணம் போடுகிறவர்கள் சிலரும் சேர்ந்து, மானாவாரிக் காட்டில் கட்டடம் எழுப்பினார்கள்.

தமிழில் இதற்கு அழகான வார்த்தை ஒன்று இருக்கிறது. கூட்டாளி. பிசினஸ் பார்ட்னருக்கும் அதே வார்த்தை. சிநேகிதனுக்கும் அதே வார்த்தை. பி.காம். படித்த எனக்கு 1932-ம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டத்தைப் புரட்டும்போதெல்லாம் இந்த வார்த்தை ஞாபகம் வரும். லாபத்தில் பங்கு கேட்கிறவன் பார்ட்னர். நஷ்டத்திலும் பங்கு கேட்கிறவன் கூட்டாளி!

கூட்டாளிகள் சேர்ந்து கட்டின ஸ்கூல். ஆனால் உள்ளே நுழைகிற பையனுக்குப் பல இடங்களில் கிடைக்கிற முதல் அட்வைஸ் என்ன? 'ஃப்ரெண்ட்ஷிப் எல்லாம் காலேஜ்ல வச்சுக்கலாம்!'

*

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கணக்கு அப்படி.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978-ல். 1984-லிருந்து 2006 வரை என்ஜினீயரிங், மெடிக்கலுக்கு நுழைவுத் தேர்வு. மொத்தம் 300-க்கு கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு போன பிறகு 200-க்கு. கணக்குக்கு 100, ஃபிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. பரீட்சையோ பாடத்துக்கு 200 மார்க். அதாவது ஃபிசிக்ஸில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் கால் மார்க் போச்சு!

இந்தக் கால் மார்க்கைக் கிராமத்து டீக்கடையில்கூடப் பேசினார்கள். ஒரு அம்பயருக்கு எல்.பி.டபிள்யூ. எப்படியோ, அப்படி நம் அப்பாக்களுக்குக் கால் மார்க். இரண்டு பேர் சமமாக வந்தால் எந்தப் பாடத்தில் யார் அதிகம் என்று பார்த்து, அதுவும் சமமென்றால் யார் முன்னால் பிறந்தவன் என்று பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் நம்பரில் யார் முன்னே என்று பார்க்கிற அளவுக்கு நம் கவுன்சலிங் நுணுக்கமானது. (பையன் கொஞ்சம் முன்கூட்டியே பிறந்திருக்கலாம் என்று வருத்தப்பட்ட அப்பாக்கள் இருந்திருப்பார்கள்!)

அப்படியானால் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவன் யார்? கால் மார்க் எதிரி! அவனுக்கு ஒரு டவுட்டைச் சொல்லிக் கொடுத்தால், நம் மார்க்கை நாமே கத்தரித்துக் கொடுத்த மாதிரி. இந்த எண்ணம்தான் பல பையன்களை நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத வைத்தது.

ஒரு கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

ப்ளஸ் டூ எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஏழு லட்சத்துக்கும் மேல். 'நீட்' எழுதுகிறவர்கள் நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல். பக்கத்துக் கட்டில்காரன் உங்களைத் தாண்டிவிட்டால், உங்கள் ராங்க் எத்தனை இறங்கும்? ஒன்று. வெறும் ஒன்று! அவனும் நீங்களும் மாறி மாறிச் சொல்லிக் கொடுத்து இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மார்க் கூடினால்? ஒரே கட்-ஆஃபில் நெருக்கிக்கொண்டு நிற்கிற பெரும் கூட்டத்தையே இரண்டு பேரும் சேர்ந்து தாண்டலாம். ஒரு இடத்துக்குப் பயந்து அத்தனை இடத்தை விடுவது எந்த ஊர் வியாபாரம்? நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 'ஏனுங் தம்பி, இதுக்குப் போயி யோசன பண்றீங்களா?' என்பார்.

2017-ல் சில மாற்றங்கள் வந்தன. மாநில முதல் மார்க், இரண்டாம் மார்க் என்று ராங்க் பட்டியல் வெளியிடுவதை அரசாங்கம் நிறுத்தியது. ரிசல்ட் அன்று பேப்பரில் லட்டு ஊட்டிக்கொள்கிற போட்டோக்கள் குறைந்தன. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது. 2019-லிருந்து ப்ளஸ் டூவில் மொத்தமே 600-க்குத்தான். கால் மார்க் தன் பங்குக்கு அரை மார்க்காகப் பதவி உயர்வு பெற்றது. அதே 2017-ல் 'நீட்' வேறு வந்து சேர்ந்துகொண்டது. ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே நடத்துகிற வழக்கத்தை உடைக்க, ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் வைத்தார்கள்; 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை வேண்டாம் என்றது.

பரீட்சை வரும், போகும். பக்கத்துக் கட்டில் மட்டும் அதே இடத்தில்.

*

சரி, சிநேகிதம் எப்படிப் பிறக்கிறது? மனசுக்கு மனசு, அலைவரிசை, பூர்வ ஜென்மம் என்றெல்லாம் சொல்வோம். அமெரிக்காவில் ஒரு அம்மணி இதை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரை வைத்துக் கண்டுபிடித்தார்!

மேடி சீகல் என்று பெயர். மேரிலாண்ட் மாநில போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஆராய்ந்து, 1974-ல் முடிவை எழுதினார். அங்கே அறை ஒதுக்குவதும், வகுப்பில் உட்கார வைப்பதும் பெயரின் அகர வரிசைப்படி. கொஞ்ச நாள் கழித்து 'உன் நெருங்கிய நண்பர்கள் யார்?' என்று கேட்டால், எல்லோரும் சொன்னது பெரும்பாலும் அகர வரிசையில் தங்களுக்குப் பக்கத்துப் பெயர்களை! மதமோ, வயசோ, பொழுதுபோக்கோ அல்ல... எழுத்து!

நம் ஊரில் நினைத்துப் பாருங்கள். லேப் பாட்ச் பிரிப்பது ரோல் நம்பரில். ஹாலில் உட்காருவது ரோல் நம்பரில். சரவணனுக்கு செந்திலும், செந்திலுக்கு சிவகுமாரும் கிடைப்பது இப்படித்தான். ஒரே பிப்பெட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றி உறிஞ்சி, சோடியம் ஹைட்ராக்சைடு வாய்க்குள் போய், இரண்டு பேரும் ஒரே குழாயடிக்கு ஓடினால் அது ஜென்மத்துக்கும் மறக்காத பந்தம். என்ன, 'எஸ்' எழுத்தில் பெயர் உள்ளவனுக்குத் தமிழ்நாட்டில் ஏகப்பட்ட சிநேகிதர்கள். 'இஸட்' எழுத்துக்காரர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான்!

ஹாஸ்டலில் இதற்கு மேலும் சில வரிசைகள் உண்டு. காலை நாலரை மணிக்குக் குளியலறை வாசலில் பக்கெட் வரிசை. ஆளுக்குப் பதில் பக்கெட் நிற்கும், ஆள் தூங்குவான். பக்கெட்டை முன்னே நகர்த்திவிடுகிறவன் சிநேகிதன். தட்டைத் தூக்கிக்கொண்டு மெஸ் வரிசை. போன் பேச ஞாயிற்றுக்கிழமை வரிசை. அந்த வரிசையில் நின்று, அம்மா குரலைக் கேட்டதும் பேச்சு வராமல் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்புகிறவன் தோளில் ஒருத்தன் ஒன்றும் கேட்காமல் கை போடுவான் பாருங்கள்... அதற்கு எந்த சிலபஸிலும் பாடம் கிடையாது.

அப்புறம் முறுக்கு டின். வந்த அன்று அதற்குப் பூட்டு. மூன்றாம் நாள் பூட்டு திறக்கும். ஐந்தாம் நாள் டின் பொதுச் சொத்து. ஒருத்தன் மணப்பாறை முறுக்கு, ஒருத்தன் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், லோக்கல் பையன் சேலம் தட்டுவடை. சேலம் ஜில்லாவுக்கு இது புதிதில்லை. அதியமான் தனக்குக் கிடைத்த அபூர்வ நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அதுவும் சேலம் ஜில்லாதான். தின்பண்டத்தில் ஆரம்பித்த சிநேகிதம் இரண்டாயிரம் வருஷம் நிற்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

பாஷை கலப்பது இன்னொரு கூத்து. 'ஏலே' என்று வந்த தூத்துக்குடிக்காரன் தீபாவளிக்கு ஊருக்குப் போய் 'ஏனுங்மா, சோறு ஆச்சுங்களா?' என்பான். அம்மா பயந்துபோவாள். ராசிபுரத்துப் பையன் 'சேக்காளி' என்பான். ஒரே ரூமில் மாப்ளே, மச்சி, பங்காளி எல்லாம் ஒருத்தனுக்கே பெயராக இருக்கும். தமிழ்நாட்டை ஒன்றாகக் கலக்கியதில் லாரிக்கு அடுத்தபடி நாமக்கல் ஹாஸ்டல்களுக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

*

'நெருங்கிய சிநேகிதனாக எவ்வளவு நேரம் ஆகும்?' இப்படியும் ஒருத்தர் கேட்டிருக்கிறார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால். புதிதாக ஊர் மாறியவர்கள், காலேஜில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரைக் கேட்டு, 2018-ல் முடிவைச் சொன்னார். முகம் தெரிந்தவன் சாதாரண சிநேகிதனாக 50 மணி நேரம் வாக்கில். சிநேகிதன் என்று தாராளமாகச் சொல்ல 90 மணி. உயிர் சிநேகிதனாக 200 மணிக்கு மேல். அதிலும் ஒரு கண்டிஷன்: பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்த நேரம் அவ்வளவாக உதவாது. சும்மா பேசிச் சிரித்துத் திரிந்த நேரம்தான் உறவை வளர்க்கும்.

மறுபடி கணக்கு. வீட்டிலிருந்து ஸ்கூலுக்குப் போய் வருகிற பையனுக்கு இன்டர்வெல், லஞ்ச் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரம் அரட்டை என்று வையுங்கள். 200 மணிக்கு 200 நாள். ஜூனில் ஆரம்பித்தால் உயிர் சிநேகிதன் தயாராகும்போது முழுப் பரீட்சை வந்துவிடும்! ஹாஸ்டலில் நாளுக்கு மூன்று மணி கிடைத்தால் 67 நாள். ஜூன் இரண்டாம் வாரம் சேர்ந்தவன், சுதந்திர தினத்து மிட்டாயை உடைத்துப் பாதி கொடுக்க ஒருத்தனைச் சம்பாதித்திருப்பான்.

ஆபீஸ்? காலையில் கால் மணி டீ, மாலையில் கால் மணி டீ. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டரை மணி. 200 மணிக்கு 80 வாரம். அதாவது ஒன்றரை வருஷத்துக்கும் மேல். அதற்குள் ஒன்று உங்களுக்கு டிரான்ஸ்ஃபர், இல்லை அவருக்கு ப்ரமோஷன்! வேலைக்குப் போன பிறகு ஏன் புது சிநேகிதம் அமையவில்லை என்று தாடி வைத்துக்கொண்டு யோசிக்கிற வாலிபர்களே, காரணம் கலிகாலமல்ல, கணக்கு.

*

கடைசியாக ஒரு லாரிக் கதை. நாமக்கல் பற்றி எழுதிவிட்டு லாரி வராவிட்டால் எப்படி?

1954. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடம். முசாஃபர் ஷெரிஃப் என்ற மனோதத்துவ அறிஞர் 22 சிறுவர்களை ஒரு கோடைக்கால முகாமுக்குக் கூட்டிப் போனார். ஒருத்தனை ஒருத்தனுக்கு முன்பின் தெரியாது. இரண்டு அணியாகப் பிரித்து, போட்டி வைத்து, ஜெயிக்கிற அணிக்குப் பரிசு என்றார். அவ்வளவுதான்! கொடியை எரித்தார்கள், ஒருத்தர் கேபினுக்குள் ஒருத்தர் புகுந்து கலாட்டா செய்தார்கள். சேர்த்து உட்கார வைத்துச் சோறு போட்டால் சோற்றாலேயே அடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஷெரிஃப் ஒரு வேலை செய்தார். முகாமுக்குத் தண்ணீர் வருவதைத் தடுத்தார். எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவரப் போக வேண்டிய லாரி 'ஸ்டார்ட் ஆகவில்லை'. முன்பு எந்தக் கயிற்றை வைத்து எதிரெதிராக இழுத்தார்களோ, அதே கயிற்றை லாரியில் கட்டி இரண்டு அணியும் ஒரே பக்கமாக இழுத்தது. ஒரே நாளில் மாயம் நடந்துவிடவில்லை. ஆனால் இப்படி நாலைந்து வேலை ஒன்றாகச் செய்த பிறகு, திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில் போகலாம் என்றார்கள்.

நம் ஹாஸ்டல்களுக்கு ஷெரிஃப் தேவையில்லை. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை, கரண்ட் கட், உப்புமா... எல்லாமே தன்னால் நடக்கும்! உப்புமாவுக்கு எதிராக ஒன்றுபட்ட ரூம்கள் எத்தனை எத்தனை. வார்டன்களுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு பேர் எப்போதும் ஒன்றாகச் சுற்றுகிறார்கள் என்று பார்த்தவுடன் ரூம் மாற்றாதீர்கள். கயிற்றை மட்டும் ஒரே பக்கமாகக் கட்டிக் கொடுங்கள். நன்றாகப் படிக்கிறவனும் சுமாராகப் படிக்கிறவனும் சேர்ந்து ஒரே பாடத்தை முடிக்கட்டும். சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் பாடம் ஆழமாகப் பதியும் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரிந்த ரகசியம்.

*

இதை வேடிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசில்லை.

ஹாஸ்டல் ஸ்கூலில் காமர்ஸ் குரூப் படித்தவன் நான். கட்-ஆஃப் பந்தயத்தில் எங்கள் குரூப்புக்கு நம்பரே கிடையாது. அதனால் எல்லோரும் எங்களிடம் தைரியமாக வந்து புலம்புவார்கள். மாடல் எக்ஸாமில் மார்க் குறைந்தவன், வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாதவன், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன். அப்போது எனக்குத் தெரிந்தது இது: ஒரு பையன் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பது பிரின்சிபாலுக்குத் தெரியாது. மாதம் ஒரு தடவை புளிசாதத்தோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற அம்மாவிடம் அவன் சொல்லவும் மாட்டான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டியது அவனுக்குத் தெரியும். முதலில் தெரிவது பக்கத்துக் கட்டில்காரனுக்கு. 'என்னடா, ராத்திரி தூங்கலியா?' என்று கேட்கிறவன் அவன்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போகிற விபரீதத்தோடு ஒப்பிட்டால், கால் மார்க் என்ன, முழு மார்க்கே பெரிசில்லை.

அதனால், ஜூன் மாதத்து அப்பாக்களே! முதல் விசிட்டிங் டே அன்று 'டெஸ்டுல எவ்ளோ?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'உன் பக்கத்துல படுக்கிற பையன் பேரு என்ன? எந்த ஊரு?' என்று கேளுங்கள். பதில் வந்தால் நிம்மதியாக பஸ் ஏறலாம். பதில் வரவில்லை என்றால் வார்டனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். புளிசாதத்தை இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள். இரண்டாவது, பெற்றோர் வர முடியாத பையனுக்கு. தூத்துக்குடியிலிருந்து மாதாமாதம் வர எல்லோராலும் முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பையனின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தேவைப்படாமலே போகட்டும்.

புதிதாகச் சேர்கிற தம்பி! முதல் வாரம் அழுகை வரும். பக்கத்துக் கட்டிலிலும் வரும். போர்வைக்குள் இருப்பதால் உனக்குத் தெரியாது. நீயே முதலில் பெயர் கேள். டின்னை மூன்றாம் நாள் வரை பூட்டி வைக்காதே. வள்ளுவர் 79-லிருந்து 83 வரை வரிசையாக ஐந்து அதிகாரம், 50 குறள் நட்புக்கே எழுதியிருக்கிறார். அதில் எப்படிப்பட்டவனைச் சேர்க்கக் கூடாது என்பதும் இருக்கிறது, அதையும் படி.

ஆபீஸ் போகிற அண்ணன்மாரே! உங்கள் செக்‌ஷனிலும் இந்த வாரம் யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார். கையில் பக்கெட் இருக்காது; முகத்தில் அதே முழி இருக்கும். லஞ்சுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எந்த மேஜையில் உட்காருவது என்று தயங்கி நிற்பார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள்.

200 மணி நேரத்தில் முதல் அரை மணி கழிந்த கணக்கு!